உரையோடு கூடிய பழைய நூலுக்கு எந்த மார்க்கப்: வேர்டா, மார்க்டவுனா, லாடெக்கா, எக்ஸ்எம்எல்லா?

பழைய தமிழ் நூல் ஒன்றை மூலமும் உரையுமாகக் கணினியில் ஏற்றி, அதிலிருந்தே அச்சுப் புத்தகம், மின்னூல், இணையப் பக்கம் மூன்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கிளம்புகிற குழுக்கள் முதலில் கேட்பது, எதில் தட்டச்சு செய்யலாம், அதாவது நூலின் பகுதிகளைக் குறியிட்டுக் காட்ட எந்த மார்க்கப் முறையை எடுக்கலாம் என்பதைத்தான். ஆளுக்கொரு பதில் வரும். தட்டச்சு செய்பவர் வேர்டு என்பார். புரோகிராமர் மார்க்டவுன் போதுமே என்பார். கணிதமோ இயற்பியலோ படித்தவர் ஒருவர் இருந்துவிட்டால், அச்சுப் பக்கம் அமைக்கும் லாடெக்கைத் தவிர வேறெதையும் ஏறிட்டும் பார்க்க மாட்டார். பல்கலைக்கழகப் பக்கம் பழக்கமுள்ளவர் டிஇஐ என்று ஒரு பெயரைச் சொல்லி எல்லாரையும் கொஞ்சம் மிரட்டிவைப்பார். அவரவர் செய்கிற வேலையை வைத்து எல்லாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கேள்வியே கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. உங்கள் நூலில் எந்தெந்தப் பகுதியைப் பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. அது முடிவானால் கருவி கிட்டத்தட்டத் தானே முடிவாகிவிடும்.

பேச்சுக்குத் திருக்குறளையே எடுத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த நூல். பரிமேலழகர் உரையோடு ஒரு பக்கம் போட்டால் அதில் என்னென்ன இருக்கும்? அதிகாரப் பெயர், குறள் எண், இரண்டு அடி, ஏழு சீர், பதம் பிரித்த வடிவம், பதவுரை, பரிமேலழகர் உரை, அந்த உரைக்குள் அவர் காட்டும் மேற்கோள், இலக்கணக் குறிப்பு, பாடபேதம் இருந்தால் அது, கடைசியில் பதிப்பாசிரியர் குறிப்பு. அச்சில் இதையெல்லாம் எழுத்தின் அளவு, தடிப்பு, சாய்வு, உள்தள்ளல் இவற்றை வைத்தே காட்டிவிடுகிறோம், படிப்பவருக்கும் புரிந்துவிடுகிறது. கணினிக்கு அப்படிப் புரியாது. பதவுரையில் வரும் மூலச் சொல்லும் தடித்த எழுத்து, உள்தலைப்பும் தடித்த எழுத்து, பதிப்பாசிரியர் அழுத்திச் சொன்ன வார்த்தையும் தடித்த எழுத்து என்றால் மூன்றும் அதற்கு ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்து யாராவது வந்து, பதவுரையில் வரும் சொற்களை மட்டும் அகரவரிசையில் கொடுங்கள், அருஞ்சொற்பொருள் அகராதி போடலாம் என்று கேட்டால், 1330 குறளையும் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1969இல் ஐபிஎம்மில் சட்ட அலுவலகங்களுக்கான ஆவண வேலையில் இருந்த சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் இதற்காகத்தான் ஜிஎம்எல் என்ற குறிமொழியைச் செய்தார்கள், மூவர் பெயரின் முதலெழுத்தும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு பகுதி எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதாமல் அது என்ன என்று மட்டும் எழுதிவை, தோற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. அது 1986இல் எஸ்ஜிஎம்எல் என்று சர்வதேசத் தரமானது, 1998இல் எளிமைப்பட்டு எக்ஸ்எம்எல் ஆனது. இன்றைக்கு நாம் ஒப்பிட்டுப் பார்க்கிற எல்லாக் கருவிகளையும் இந்த ஒரு யோசனையை எவ்வளவு தூரம் பின்பற்றுகின்றன என்று வைத்தே வரிசைப்படுத்திவிடலாம்.

வேர்டைச் சட்டென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாணிகள், அதாவது ஸ்டைல் வசதியை ஒழுங்காகப் பயன்படுத்தி, பதவுரை, மேற்கோள், பாடபேதம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த ஸ்டைல் செய்து, யாரும் நேரடியாகத் தடிப்புப் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டால், வேர்டு கோப்பிலிருந்தும் நல்ல அமைப்பை உருவியெடுக்கலாம். அந்தக் கோப்பே உள்ளுக்குள் எக்ஸ்எம்எல்தான், சிப் செய்து வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் அந்த ஒழுங்கு நிற்காது, ஏனென்றால் மீறுவது மிகச் சுலபம், மீறியதும் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் அச்சுத் தொழிலில் இன்னொரு தலைவலியும் உண்டு: டிடிபி வேலை நிறைய இடங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில்தான் நடக்கிறது. பாமினி மாதிரி ஒன்றில் அடித்து, பேஜ்மேக்கரில் வைத்து, மெய்ப்புத் திருத்தமெல்லாம் அதிலேயே செய்து முடித்துவிட்டால், திருத்தப்பட்ட பிரதி அங்கே இருக்கும், உங்கள் யூனிகோடு கோப்பு திருத்தப்படாமல் இங்கே இருக்கும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, மெய்ப்புத் திருத்தம் மூலக் கோப்பில்தான் நடக்கும் என்பதை அச்சகத்தோடு முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள்.

அடுத்தது மார்க்டவுன். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது, வலைப்பதிவு எழுதுவதற்குக் கனகச்சிதம். தலைப்புக்கு முன்னால் ஒரு # போட்டால் போதும், இரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து, கற்றுக்கொள்ள அரைமணி நேரம்கூட ஆகாது. முதல் வடிவத்தில் அட்டவணையும் கிடையாது, அடிக்குறிப்பும் கிடையாது. அவையெல்லாம் பிற்பாடு ஆளாளுக்குச் சேர்த்தவை என்பதால் ஒரு கருவியில் வேலை செய்வது இன்னொன்றில் செய்யாது. 2014இல் காமன்மார்க் என்று ஒரு தரம் எழுதிப் பெருமளவு சரிசெய்தார்கள், ஆனாலும் அடிப்படைச் சொற்கள் அதே சிலதான்: தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள், நிரல். பாடல் என்று ஒன்று இல்லை. குறளின் இரண்டு அடிகளை அப்படியே இரண்டு வரியாக அடித்தால் மார்க்டவுன் ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். வரி உடைய வேண்டுமென்றால் வழக்கமான வழி, வரியின் கடைசியில் இரண்டு வெற்றிடம் விடுவது. கண்ணுக்கே தெரியாத அந்த இரண்டு வெற்றிடத்தை, கோப்பைச் சேமிக்கும்போது பல எடிட்டர்கள் தாமாகவே துடைத்துவிடும். செய்யுள் பதிப்புக்கு இப்படிப்பட்ட அடித்தளம் எந்த வகையிலும் தோதுப்படாது.

ஒரு கோப்பு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் பாண்டாக் கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தினால் நிலைமை நன்றாகவே தேறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அடியின் முன்னாலும் ஒரு நெடுங்கோடு போட்டால் அது வரியைக் காப்பாற்றும், மூன்று முக்காற்புள்ளி போட்டுத் தொடங்கி ஒரு பகுதிக்கு நாமே பெயர் வைக்கலாம், அங்கிருந்து வேர்டு, மின்னூலுக்கான இபப், இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல், லாடெக் எல்லாவற்றுக்கும் போகலாம். ஒரு குறளுக்கு ஒரு பத்தி எளிய உரை, அவ்வளவுதான் நூல் என்றால் இதற்கு மேல் தேட வேண்டாம், இதிலேயே முடித்துவிடுங்கள். ஆனால் அடிக்குறிப்புக்குள் இன்னோர் அடிக்குறிப்பு வராது, நீங்கள் வைத்த பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். கோப்புகளில் நடக்கும் திருத்தங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பற்றிய புரோ கிட் நூலின் முதல் பதிப்பு மார்க்டவுனில்தான் எழுதப்பட்டது, இரண்டாம் பதிப்புக்கு ஆஸ்கிடாக்குக்கு மாறிவிட்டார்கள். உரைநடை நூலுக்கே அப்படி என்றால் உரை நூலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்கிடாக் 2002இல் வந்தது, ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டும் ஏறத்தாழ அதே காலம்தான். இரண்டும் மார்க்டவுனைவிடக் கனமானவை, எக்ஸ்எம்எல்லைவிட இலகுவானவை. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டில் ஸ்பிங்க்ஸ் கருவியோடுதான் பைதான் மொழியின் ஆவணங்கள் இன்று இருக்கின்றன, முன்பு அவை லாடெக்கில் இருந்தன. லினக்ஸ் கெர்னல்காரர்களும் 2016இல் டாக்புக் எக்ஸ்எம்எல்லை விட்டு, ஆஸ்கிடாக்கையும் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்பிங்க்ஸுக்கே வந்தார்கள். மென்பொருள் கையேட்டுக்கு அருமையான கருவி. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டில் தமிழ் எழுதும்போது ஒரு சின்ன எரிச்சல் இருக்கிறது: தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் கோடு போட வேண்டும், அது தலைப்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. ‘தலைப்பு’ என்ற சொல் நம் கணக்கில் நான்கெழுத்து, யூனிகோடு கணக்கில் ஏழு குறிகள். நான்கு சமக்குறி போட்டால் கோடு குட்டை என்று எச்சரிக்கை வரும். நீளமாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது, ஆனால் அட்டவணையில் நெடுவரிசைகளை நேராக நிறுத்தப் போராடும்போதும் இதே கதைதான், அங்கே கண்ணால் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. அட்டவணையைப் பட்டியலாக எழுதிக்கொடுக்கும் வழி ஒன்று அதிலேயே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

செய்யுளுக்கு ஆஸ்கிடாக் ஒரு படி மேல். பாடலுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது, வரிகளை அப்படியே வைத்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் பெயர் வைக்கலாம், [.பதம்]#உள்ளத்துள்# என்று எழுதினால் அந்தச் சொல் பதவுரையின் மூலச் சொல் என்று பதிவாகிவிடும். ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் இழுத்துக்கொள்ளலாம், மாணவர் பதிப்பில் மட்டும் இந்தப் பகுதி வரட்டும் என்று நிபந்தனை போடலாம். பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. இதற்கென்று உள்ள பிடிஎஃப் கருவி, ப்ரான் என்ற ரூபி நூலகத்தை நம்பியிருக்கிறது, அதற்கு இந்திய எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாது. ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இணையப் பக்கத்தில் எல்லாம் அழகாக இருக்கும், பிடிஎஃப் எடுத்த அன்றைக்குத்தான் தெரியும். எச்டிஎம்எல்லாக மாற்றி உலாவி வழியாகப் பிடிஎஃப் எடுப்பது, இல்லையென்றால் டாக்புக்காக மாற்றி லாடெக் வழியாகப் போவது என்று சுற்றுவழிகள் உண்டு. உண்டு என்றாலும் சுற்றுவழிதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

லாடெக்கை விரும்புகிறவர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். லாடெக்கை இயக்கும் பழைய கருவியான பிடிஎஃப்டெக்கில் தமிழ் சரிப்பட்டு வராது, புதியவையான சீலாடெக்கோ, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் சேர்த்த லூவாலாடெக்கோதான் வேண்டும். அவற்றில் எழுத்துகள் கோத்து அமைவது பிசகாது, நீளமான தமிழ்ச் சொற்களை உடைக்கும் விதிகளும் சேர்ந்தே வருகின்றன. நாளிதழ்களின் குறுகிய பத்திகளில் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடுகிற மாதிரி இடைவெளி விழுமே, அது இதில் கணிசமாகக் குறையும். பதிப்பு வேலைக்கென்றே ரெலெட்மாக் என்ற தொகுப்பு இருக்கிறது: அடிக்கு அடி எண் போடும், பாடபேதத்துக்கு ஒரு வரிசை, இலக்கணக் குறிப்புக்கு ஒரு வரிசை என்று ஒரே பக்கத்தின் அடியில் பல அடுக்காகக் குறிப்புகளை வைக்கும். அச்சு ஒன்றுதான் இலக்கு, அதுவும் ஆய்வுப் பதிப்பு என்றால் இதை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை.

ஆனால் லாடெக் ஒரு நிரல்மொழி. உள்ளே இருப்பது பதவுரையா என்று அது பார்ப்பதில்லை, நீங்கள் சொன்ன கட்டளையை இயக்குகிறது, அவ்வளவுதான். நீங்களே பெயர் வைத்துக் கட்டளைகள் செய்து ஒழுங்காக எழுதலாம், யாராவது அவசரத்தில் நடுவே தடித்த எழுத்துக் கட்டளையைச் செருகினால் அது மறுக்காது, பக்கமும் அழகாகவே வரும். அப்படி எழுதிய கோப்பை இபப்பாகவோ இணையப் பக்கமாகவோ மாற்றப் போகும்போதுதான் பாடு. ரெலெட்மாக் அளவுக்கு நுணுக்கமான தொகுப்பைப் பயன்படுத்திவிட்டால் பாண்டாக் பாதியை விழுங்கிவிடும். டைப்ஸ்ட் என்று 2023இல் திறந்த மூலமாக வந்த புதியது ஒன்று இருக்கிறது, வேகம் அபாரம், தமிழையும் சரியாகவே கோக்கிறது, ஆனால் எச்டிஎம்எல் வெளியீடு இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, பதிப்பு வேலைக்கான தொகுப்புகளும் லாடெக் அளவுக்கு ஊறவில்லை. நூல் வெளிவர ஐந்தாறு வருடம் ஆகும் என்றால் எட்டிப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இனி எக்ஸ்எம்எல். இதைப் பற்றிய பயம் பாதி பழக்கமின்மைதான். டேக், அதாவது ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி, அதன் பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தமிழிலேயே வைக்கலாம். தட்டச்சு செய்பவர் நிமிடத்துக்கு நான்கு முறை விசைப்பலகையை மாற்றாமல் தப்பிக்க அது பெரிய உதவி.

<குறள் எண்="294">
<அடி><சீர்>உள்ளத்தால்</சீர்> <சீர்>பொய்யா</சீர்> <சீர்>தொழுகின்</சீர்> <சீர்>உலகத்தார்</சீர்></அடி>
<அடி><சீர்>உள்ளத்து</சீர்> <சீர்>ளெல்லாம்</சீர்> <சீர்>உளன்</சீர்></அடி>
</குறள்>

இதோடு ஸ்கீமா என்று ஒரு விதிக்கோப்பை எழுதிவைத்துவிட்டால்தான் உண்மையான லாபம் தெரியும். ஒரு குறளுக்கு இரண்டு அடி, முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, ஒவ்வொரு குறளுக்கும் ஒரு பதவுரை கட்டாயம், பாடபேதம் இருந்தால் அது எந்தச் சுவடி அல்லது பதிப்பு என்ற குறிப்பு கட்டாயம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள், மொத்தம் 133 அதிகாரம். ரிலாக்ஸ் என்ஜி என்ற ஸ்கீமா மொழியில் இதையெல்லாம் ஓரிரு பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்கப்புறம் ஒரு சீர் விட்டுப்போனாலும், பதவுரை என்பதைப் பதவுறை என்று டேக்கில் அடித்துவிட்டாலும், எந்த வரியில் என்று கோப்பே சொல்லிவிடும். மற்ற கருவிகள் பிழையான அமைப்பையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும், இது மறுக்கும். நான்கு பேர் சேர்ந்து தட்டச்சு செய்கிற வேலையில் இந்த மறுப்புக்கு விலையே கிடையாது.

சரி, இப்போது அதே 294ஆம் குறளைப் பதம் பிரித்துப் பாருங்கள்: உள்ளத்தால், பொய்யாது, ஒழுகின், உலகத்தார், உள்ளத்துள், எல்லாம், உளன். இங்கேதான் எக்ஸ்எம்எல் முரண்டு பிடிக்கும். ‘உள்ளத்துள்’ என்ற சொல் ஐந்தாம் சீரில் தொடங்கி ஆறாம் சீருக்குள் போய் முடிகிறது. எக்ஸ்எம்எல்லில் ஒரு டேக் இன்னொன்றுக்குள் முழுசாக அடங்க வேண்டும், பாதி உள்ளே பாதி வெளியே என்று நிற்க முடியாது. அதைவிடக் கொடுமை, ‘ளெ’ என்ற ஒரே எழுத்தில் மெய் முதல் சொல்லுக்கும் உயிர் அடுத்த சொல்லுக்கும் சொந்தம், எழுத்துக்கு நடுவே எங்கே டேக்கை முடிப்பது? ‘பொய்யா தொழுகின்’ என்பதில் ‘தொ’வுக்கும் இதே கதி. யாப்பும் சொல்லும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது நம் செய்யுளில் சர்வசாதாரணம், வகையுளி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். ஒரே பிரதிக்கு இரண்டு அடுக்கு அமைப்பு என்பது எக்ஸ்எம்எல் உலகத்தில் பழைய வழக்குதான், வெற்று டேக்குகளால் எல்லையை மட்டும் குறிப்பது, சொல் அடுக்கைத் தனியாக வைத்து அடையாள எண்ணால் கோப்பது என்று தீர்வுகளும் உண்டு. என் யோசனை எளியது: ஒரே குறளுக்குள் சீர் பிரித்த வடிவம் ஒன்று, பதம் பிரித்த வடிவம் ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், பதவுரையைப் பதம் பிரித்த வடிவத்தோடு மட்டும் கட்டுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு தடவை அடிக்கிறோமே என்று நினைக்க வேண்டாம். நம் பழைய பதிப்பாசிரியர்களும் புணர்ச்சி பிரித்தும் பிரிக்காமலும் இரண்டு விதமாக அச்சிட்டு வந்தவர்கள்தான்.

டிஇஐ என்பது இதே எக்ஸ்எம்எல்லில் இலக்கிய, வரலாற்றுப் பிரதிகளுக்கென்று 1987இலிருந்து உருவாகி வரும் பொது நெறி. பாடல், அடி, பாடபேதம், சுவடி விவரம், சிதைந்த எழுத்து எல்லாவற்றுக்கும் அதில் ஏற்கெனவே டேக் இருக்கிறது, மொத்தம் ஐந்நூறுக்கும் மேலே. அதிலிருந்து கல்வெட்டுக்காக எடுத்த எபிடாக் என்ற வடிவத்தில் தர்மா ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் ஏற்றியிருக்கிறது. ஐந்நூறையும் படிக்க உட்கார்ந்தால் நூல் வெளிவராது, தேவையான முப்பது நாற்பதைப் பொறுக்கி மற்றவற்றைத் தடைசெய்யும் வசதி அதிலேயே இருக்கிறது. நீங்களே செய்த தமிழ் டேக்கா, டிஇஐயா என்று கேட்டால், தட்டச்சு தமிழ் டேக்கில் நடக்கட்டும், வெளியே கொடுக்கும்போது டிஇஐக்கு மாற்றிக் கொடுங்கள் என்பேன். பெயருக்குப் பெயர் மாற்றும் சின்ன நிரல்தான் அது, அமைப்பு ஏற்கெனவே கோப்புக்குள் இருப்பதால் சுலபமாக முடியும். எதிர்த்திசையில், அதாவது அமைப்பே குறிக்காத வெறும் வரிகளிலிருந்து டிஇஐக்குப் போவது மனித உழைப்பு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வளவு நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து உரையும் மூலமுமாகப் பிரிக்க உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எக்ஸ்எம்எல்லின் விலை என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. குழுவில் ஒருவருக்காவது, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியோ பைதானோ தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்எம்எல் தானாக ஒன்றையும் காட்டாது. அதிலிருந்து இணையத்துக்கு எச்டிஎம்எல், மின்னூலுக்கு இபப், அச்சுக்கு லாடெக் என்று மாற்றும் நிரலை எழுதித்தான் ஆக வேண்டும். அந்த ஆள் பாதியில் போய்விட்டால் வேலை நிற்கும். கோப்பு மட்டும் வீணாகாது, எந்த எடிட்டரில் திறந்தாலும் எது பதவுரை எது மேற்கோள் என்று படித்தாலே தெரியும், அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம். விஎஸ் கோடு எடிட்டரில் இலவசமாகவே எக்ஸ்எம்எல் நீட்சி கிடைக்கிறது, ஸ்கீமாவைக் காட்டிக் கொடுத்தால் டேக்கைத் தானே மூடும், தப்பைச் சிவப்பில் காட்டும், அதனால் தட்டச்சு செய்பவருக்கும் ஓரிரு நாளில் கை வந்துவிடும்.

என் முடிவைக் கேட்டால்: மூலமும் ஓர் எளிய உரையும் மட்டும் என்றால் பாண்டாக் மார்க்டவுன். புரோகிராமர் இல்லை, ஆனால் சொல்லளவில் பெயர் வைக்க வேண்டும், இணையமே முதன்மை என்றால் ஆஸ்கிடாக். ஒரே ஒரு அச்சுப் பதிப்பு, அதோடு சரி என்றால் லாடெக். பதவுரை, பல உரைகள், பாடபேதம், பிற்பாடு அகராதி, தேடல் என்று போகிற எண்ணம் துளியளவாவது இருந்தால் எக்ஸ்எம்எல்தான், அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. உரைநடையான முன்னுரையையும் பின்னிணைப்பையும் எக்ஸ்எம்எல்லில் அடிக்க வேண்டியதில்லை, அவை மார்க்டவுனிலேயே இருக்கட்டும், கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் கோப்புகள் கிட்டில் இருக்கட்டும், வாக்கியத்துக்கு ஒரு வரி என்று அடித்தால் யார் எதைத் திருத்தினார் என்பது தெளிவாகத் தெரியும்.

தட்டச்சுக்கு ஆள் பேசுவதற்கு முன்னால் வாய்மை அதிகாரத்தை மட்டும் எடுத்து, 291 முதல் 300 வரை பத்துக் குறளையும் உரையோடு முழுசாக ஏற்றி, அச்சுக்கான பிடிஎஃப், இபப், இணையப் பக்கம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். 294 அதற்குள்ளேயே இருப்பதால் பதம் பிரிக்கிற சிக்கல் முதலிலேயே வெளியே வந்துவிடும். பிடிஎஃபில் ‘ளெ’, ‘தொ’ இரண்டும் ஒழுங்காகக் கோத்து வருகிறதா, பதவுரைச் சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக உருவியெடுக்க முடிகிறதா, வேண்டுமென்றே ஒரு சீரை அழித்துவிட்டால் கருவி கத்துகிறதா என்று பாருங்கள். மூன்றில் எது உங்கள் நூலுக்கு அவசியமோ, அதைச் செய்யாத கருவியை அங்கேயே கழித்துவிடலாம்.